மகள் அழகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள், அனுப்பலாமா?

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் நடக்கப்போகிற அழகுப் போட்டிக்கு வீட்டில் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். "நம்ம வீட்டுப் பிள்ளை நாலு பேர் முன்னால நடந்து காட்டணுமா?" என்று சொன்ன அவள் அப்பா ஒரு வாரமாக அவளோடு பேசவில்லை. எம்.ஏ. படித்த சித்தி ஒருத்தி, பெண்ணைப் பண்டமாக்குகிற வேலை இது, போகவே கூடாது என்கிறாள். தம்பி மட்டும் அக்கா பக்கம். அழகுப் போட்டியால் சமூகத்துக்கு என்ன பிரயோஜனம், இதில் யார் சொல்வது சரி, நான் எந்தப் பக்கம் நிற்க, இதுதான் கேள்வி.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் 26 வருஷம் வரலாறு நடத்தியவள் நான். இந்த விஷயத்தை வகுப்பிலும் பேசியிருக்கிறேன், வீட்டிலும் பட்டிருக்கிறேன், ஒரு தடவை நடுவராக உட்கார்ந்து தப்பும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் உங்கள் கணவர் சொன்ன அந்த 'நடந்து காட்டுவது'. எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சி. எண்பதுகளில் எங்கள் அக்காவைப் பெண் பார்க்க 11 பேர் வந்துபோனார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஜமுக்காளம் விரிப்போம், கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. அக்கா அடுக்களையில் இருந்து தட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும், எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்து போக வேண்டும். அந்தப் பத்தடியில்தான் கால் ஊனம் இருக்கிறதா, நடை எப்படி, உயரம் எவ்வளவு, எல்லாக் கணக்கும் முடிந்துவிடும். ஒரு வீட்டில் இருந்து வந்த பெரியம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாசமாகத் தடவிக் கொடுக்கிற மாதிரி பின்னலை இழுத்துப் பார்த்தார், சவுரி வைத்திருக்கிறதா என்று. அக்கா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்போது பதினைந்து வயது, அந்தக் கை பின்னலைப் பிடித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "போய் லெட்டர் போடுறோம்" என்று கிளம்புவார்கள். பாதிப் பேர் போடவே மாட்டார்கள். போட்ட ஒரு இன்லண்ட் லெட்டரில், பிள்ளை குணமானவள், நிறம்தான் கொஞ்சம் கம்மி என்று எழுதியிருந்தது. அதை அப்பா சட்டைப்பையிலேயே ரொம்ப நாள் வைத்திருந்தார்.

நம் வீடுகளில் அழகுப் போட்டி ஏற்கெனவே இருக்கிறது. போட்டியாளர் ஒரே ஒருத்தி, அவளாகப் பெயர் கொடுத்ததும் இல்லை. நடுவர்கள் பத்துப் பேர், மதிப்பெண் எப்படிப் போட்டார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்வதில்லை, ஏன் தோற்றாள் என்று தெரு முழுக்கப் பேசும். உங்கள் மகள் போகிற மேடையை எடைபோடும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதனால் மேடை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நாலு பேர் முன்னால் நடப்பதுதான் குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை நாம் ரொம்ப காலமாகப் பட்டாசலில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னும் பின்னால் போனாலும் இப்படித்தான். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியைக் கூந்தலில் இருந்து ஆரம்பித்து அங்கம் அங்கமாக வருணிக்கிற பகுதி வரும். நான் நேசிக்கிற பாட்டு அது, சந்தத்துக்காகவே மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆனால் நெற்றி இப்படி, இடை இப்படி என்று உறுப்புக்கு ஒரு உவமை சொல்லிக்கொண்டே போகும்போது, அங்கேயும் ஒரு அளவுகோல் இருக்கத்தான் செய்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போனால் ரதி சிலை நிற்கும். கருத்த கல், அகன்ற இடுப்பு, உருண்ட தோள். இன்றைக்கு எந்த அழகுப் போட்டியின் அளவிலும் அந்த ரதி தேறமாட்டாள். மாணவிகளை அங்கே கூட்டிப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் பத்து நிமிஷம் நிற்கவைப்பேன். அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறும், அதைச் செய்கிறவன் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள் என்பேன்.

இப்போதைய அளவுகோலை யார் செய்தார்கள்? இதில் ஒளிவுமறைவே இல்லை, வியாபாரிகள்தான். 1921-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்கிற கடற்கரை ஊரில், கோடை முடிந்தால் கூட்டம் கலைந்துவிடுகிறதே, இன்னும் சில நாள் ஆட்களைப் பிடித்துவைக்க என்ன செய்யலாம் என்று அந்த ஊர் வியாபாரிகள் யோசித்து நடத்திய விழாவில் இருந்துதான் மிஸ் அமெரிக்கா வந்தது. முதலில் ஜெயித்த மார்கரெட் கோர்மனுக்கு 16 வயது. மிஸ் வேர்ல்டு 1951-ல் லண்டனில், பிரிட்டன் விழாவை ஒட்டி எரிக் மோர்லி என்பவர் நடத்திய பிகினிப் போட்டியாகத் தொடங்கியது. மிஸ் யூனிவர்ஸ் கதை இன்னும் நேரடி. மிஸ் அமெரிக்கா 1951 பட்டம் பெற்ற யோலாண்ட் பெட்பீஸ், நான் பாடகி, நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நின்று போஸ் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்பான்சரான காட்டலினா நீச்சலுடைக் கம்பெனிக்குக் கோபம். அவர்கள் விலகி வந்து 1952-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தாங்களே ஆரம்பித்ததுதான் மிஸ் யூனிவர்ஸ். ஒரு பெண் மாட்டேன் என்று சொன்னதற்குப் பதிலாகப் பிறந்த போட்டி அது. இதைச் சொன்னதும் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த முதல் மிஸ் யூனிவர்ஸுக்கு இந்தியாவில் இருந்து போனவர் சென்னையில் பிறந்த இந்திராணி ரஹ்மான், பந்தநல்லூர் பாணி பரதம் படித்த பெரிய நடனக்கலைஞர். அப்போதே அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. பிற்பாடு கல்யாணமானவர்களுக்கு இடமில்லை என்று விதி வந்து, பல வருஷம் கழித்து 2023-ல்தான் மணமானவர்களும் தாய்மார்களும் வரலாம் என்று மாற்றினார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள், அதற்கு முன்னால் 28-க்கு மேல் கிடையாது. மிஸ் வேர்ல்டு 2014-லும் மிஸ் அமெரிக்கா 2018-லும் நீச்சலுடைச் சுற்றை நிறுத்துவதாக அறிவித்தன. எதிர்த்துப் பேசினவர்கள் பேசிப் பேசித்தான் இதெல்லாம் மாறியது, அவர்களாக மனமிரங்கி மாற்றவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1966-ல் மும்பையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரீட்டா ஃபாரியா மிஸ் வேர்ல்டு ஆனார், ஆசியாவில் இருந்து முதல் ஆள். சினிமாவுக்குப் போகவில்லை, திரும்பப் படிப்புக்குப் போய் டாக்டராகிவிட்டார். அதற்கப்புறம் 28 வருஷம் ஒன்றுமில்லை. 1994-ல் சுஷ்மிதா சென் மிஸ் யூனிவர்ஸ், ஐஸ்வர்யா ராய் மிஸ் வேர்ல்டு, அப்புறம் 1997, 1999, பிறகு 2000-ல் மறுபடியும் இரண்டும். ஏழு வருஷத்தில் ஆறு கிரீடம். 1991-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டு அழகுசாதனக் கம்பெனிகள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரம், இவ்வளவு பெரிய சந்தைக்குக் கிரீடம்தான் நுழைவுச்சீட்டு என்று அப்போதே நிறையப் பேர் எழுதினார்கள். உங்கள் வீட்டுச் சித்தி சொல்வதும் அதுதான். முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பெண்களின் உழைப்பையும் தைரியத்தையும் வெறும் சந்தைக் கணக்காகக் கழித்துவிடவும் எனக்கு மனசு வராது. மிஸ் இந்தியா மேடையில் சுஷ்மிதா போட்ட கவுனுக்கு டெல்லி சரோஜினி நகர் சந்தையில் துணி எடுத்து, பக்கத்துத் தையல்காரரிடம் தைத்து, கையுறையை சாக்ஸை வெட்டிச் செய்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். காசு இல்லாத வீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து சாக்ஸை வெட்டுகிற அந்தக் காட்சியில் எந்தக் கம்பெனியும் இல்லை.

சந்தை நம் ஊருக்கு என்ன கொண்டுவந்தது என்பது வேறு. சிவப்பழகு க்ரீம் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் தொண்ணூறுகளில்தான் அது எங்கள் விடுதியில் அறைக்கு அறை வந்தது. சின்ன பாக்கெட்டாக வாங்கி மூன்று பேர் பங்கு போடுவார்கள். ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரில் இருந்த 'ஃபேர்' போக 2020 ஆயிற்று, 45 வருஷம். பெயர் போனது, மற்றபடி என்ன போனது என்று பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் போய்ப் பார்க்கலாம்.

1996 நவம்பரில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் மிஸ் வேர்ல்டு நடந்தது. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான். அந்த எதிர்ப்பை விளங்கிக்கொண்டால் உங்கள் வீட்டுச் சண்டையும் விளங்கும். இடதுசாரி மாதர் அமைப்புகள் எதிர்த்தன, பா.ஜ.க. மகளிரும் எதிர்த்தார்கள், கர்நாடக விவசாயிகள் சங்கமும் எதிர்த்தது. ஒரு தரப்புக்குப் பெண் உடம்பு சரக்காகிறது என்பது கோபம், இன்னொரு தரப்புக்குப் பாரதப் பண்பாடு போகிறது என்பது கோபம், விவசாயிகளுக்கு அன்னிய மூலதனம் வருகிறது என்பது கோபம். மதுரையில் ஒரு இளைஞர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து இறந்தே போனார். நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள், போட்டி பெரிய போலீஸ் காவலோடு நடந்து முடிந்தது, கிரீஸ் நாட்டுப் பெண் ஜெயித்தார்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்த வாரம் இரண்டு பேராசிரியைகள் ஒரே கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர், பிள்ளைகள் தாவணியை விட்டு சுடிதாருக்கு மாறுவதே சரியில்லை என்கிறவர். இன்னொருவர், பெண் என்ன உடுத்துவது என்று இவர்கள் யார் சொல்வதற்கு என்கிறவர். கையெழுத்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தது, இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கணவரும் சித்தியும் அந்த இரண்டு கையெழுத்து மாதிரிதான். இருவருமே 'போகாதே' என்கிறார்கள். ஆனால் உங்கள் கணவர் சொல்வது, நீ எங்கள் மானம், வெளியே வராதே என்று. சித்தி சொல்வது, நீ யாருடைய மானமும் இல்லை, பண்டமும் இல்லை, அதனால் போகாதே என்று. முதலாவது பேச்சு அவளை ஒரு வாரத்துக்கு மட்டும் தடுக்காது. நாளைக்கு மேல்படிப்புக்குச் சென்னை போக, வேலைக்குப் போக, பிடித்தவனைக் கட்ட என்று எல்லாவற்றுக்கும் அதே பேச்சு வரும். இரண்டாவது பேச்சு அவளோடு உட்கார்ந்து வாதாடக்கூடிய பேச்சு. எனக்கு மரியாதை இரண்டாவதன் மேல்தான்.

சித்தி தரப்பின் வேர் 1968. அட்லாண்டிக் சிட்டியில் மிஸ் அமெரிக்கா நடக்கும்போது வெளியே பெண்கள் கூடி, ஒரு ஆட்டுக்குக் கிரீடம் சூட்டி, உள்ளாடை, ஹை ஹீல்ஸ், பொய் இமை எல்லாவற்றையும் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டார்கள். பிராவை எரித்தார்கள் என்று சொல்வார்கள், எரிக்கவில்லை, போட்டதோடு சரி. 1970-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மிஸ் வேர்ல்டு நடந்துகொண்டிருக்கும்போது பெண்கள் உள்ளே புகுந்து மாவுப் பொட்டலங்களை வீசினார்கள், தொகுப்பாளர் பாப் ஹோப் மேடையை விட்டு ஓடினார்.

ஆனால் அதே இரண்டு நாட்களிலும் இன்னொன்றும் நடந்தது. மிஸ் அமெரிக்காவில் வெள்ளை இனத்தவர் மட்டுமே வரலாம் என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது, விதி போன பிறகும் 1968 வரை ஒரு கறுப்பினப் பெண் அந்த இறுதி மேடையில் ஏறியதில்லை. அதனால் அதே ஊரில், அதே நாளில், கறுப்பினத்தவர்கள் மிஸ் பிளாக் அமெரிக்கா என்று தனியாக ஒரு போட்டி நடத்தினார்கள். மாவு வீசப்பட்ட 1970 மேடையில் ஜெயித்தவர் கிரெனடா என்கிற குட்டித் தீவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஹோஸ்டன், மிஸ் வேர்ல்டு ஆன முதல் கறுப்பினப் பெண். இரண்டாவதாக வந்தவர் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் பெண். பிற்பாடு ஹோஸ்டன் தன் நாட்டின் தூதராகக் கனடாவுக்குப் போனார். மேடைக்குக் கீழே நின்றவர்களுக்கு அது மாட்டுச் சந்தை. மேடையில் நின்றவர்களுக்கோ, 'நீ அழகே இல்லை' என்று இருநூறு முந்நூறு வருஷமாகச் சொன்னவர்கள் அதை வாபஸ் வாங்கிய இடம். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன், அதற்காக நடுவில் நின்று தப்பித்துக்கொள்ளவும் விரும்பவில்லை. எந்தப் பெண்ணுக்குக் கதவு இதுவரை மூடியிருந்ததோ, அவள் உள்ளே போகும்போது நான் அவள் பக்கம்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் திருநங்கைகளுக்கான மிஸ் கூவாகம் போட்டி வருஷா வருஷம் நடக்கும். நடையும் உடையும் மட்டும் பார்ப்பதில்லை, பொது அறிவுக் கேள்வியும் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கேள்வியும் கேட்பார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தி, மேடையில் பட்டுச்சேலையோடு நின்று, கீழே ஊரே கைதட்டுவதைக் கேட்கிறாள். 'பண்டமாக்குதல்' என்ற ஒரு சொல்லைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க என்னால் முடியாது.

சரி, பெண்ணைத்தான் எல்லாரும் பேசுகிறோம், ஆணை? வண்ணார்பேட்டையில் இருந்து ஜங்ஷன் வரைக்கும் ஆணழகன் போட்டி ஃபிளக்ஸை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள். ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, உடம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். யாரும் பண்பாடு போய்விட்டது என்று சொன்னதில்லை. என் அண்ணன் மகன் இரண்டு வருஷம் கலந்துகொண்டான். ஒரு தடவை நானும் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பையன்கள் வரிசையாக நின்று ஒருவர் முதுகில் ஒருவர் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள், கழுத்து, காது மடல், கணுக்கால் வரைக்கும் விடாமல். எதற்கு என்று கேட்டேன். "வெளிச்சத்துல தசை நல்லாத் தெரியணும்லா அத்தை, வெள்ளையா இருந்தா எடுபடாது" என்றான். அதே ஊர், அதே மாதிரி மண்டபம், அதே விளக்கு. ஆணழகன் ஆவதற்குக் கறுப்பைப் பூசுகிறான், பெண்ணழகி ஆவதற்கு அவன் அக்கா தங்கச்சி வெள்ளையைப் பூசுகிறாள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் புது மாணவிகளுக்கு வரவேற்பு விழா. சீனியர் பிள்ளைகள் 'மிஸ் ஃபிரெஷர்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டு, மூன்று பேரை நடுவர்களாகப் போட்டார்கள், நான் ஒருத்தி. டைப் செய்த ஒரு தாள் கொடுத்தார்கள், ஐந்து கட்டம். நடை, உடை, நிறம், பேச்சு, பொது அறிவு. மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது. ஆனால் விழா ஆரம்பித்துவிட்டது, மைக்கில் பெயர் கூப்பிட்டாயிற்று, நானும் மற்ற இருவர் மாதிரியே நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கறுப்பு, நல்ல உயரம், நிமிர்ந்த நடை, இரவல் சேலை என்று பார்த்தாலே தெரிந்தது, ஆனால் ஒரு மடிப்புக் கலையவில்லை. கேள்விக்கு அவள் சொன்ன பதிலுக்கு அரங்கமே கைதட்டியது. நான் பேச்சுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன், நிறத்துக்கு நான்கு போட்டேன். நான்தான் போட்டேன், யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. என் அக்காவுக்கு வந்த இன்லண்ட் லெட்டரை அப்பா சட்டைப்பையில் பார்த்தவள் நான். மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் அவள் இரண்டாவது வந்தாள்.

மறுநாள் துறைக்கு வந்து, "மேடம், எதுல குறைஞ்சிருக்குன்னு பார்க்கலாமா, அடுத்த தடவை சரி பண்ணிக்கிடுவேன்" என்று கேட்டாள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டோம் என்று பொய் சொன்னேன். தாள் என் மேஜை டிராயரில் இருந்தது. சரி பண்ணிக்கிடுவேன் என்று அவள் சொன்ன அந்த வார்த்தைதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, ஏனென்றால் சரி பண்ண வேண்டியது அவளிடம் எதுவுமே இல்லை. அடுத்த வருஷத்தில் இருந்து அந்தக் கட்டத்தை எடுக்கவைத்தேன். நாலைந்து வருஷம் கழித்து அந்தத் தேர்வையே நிறுத்தி, ஒரு தலைப்புக் கொடுத்துப் பேசவைத்தோம். அவளுக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

அதனால் நான் எங்கே நிற்கிறேன் என்றால், வயதுக்கு வந்த பெண் தானாக யோசித்துப் பெயர் கொடுத்தால் தடுக்கக்கூடாது. 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை எந்தப் பட்டத்துக்கும் மேடையில் ஏற்றி அளக்கக்கூடாது, பள்ளி ஆண்டு விழாவானாலும் சரி. அரசாங்கப் பணத்தையும் அரசாங்கக் கௌரவத்தையும் இதில் கொட்டக்கூடாது. 2025 மே மாதம் தெலங்கானா அரசின் ஆதரவோடு ஹைதராபாத்தில் மிஸ் வேர்ல்டு நடந்தபோது ராமப்பா கோயிலுக்கு வந்த போட்டியாளர்களின் கால்களை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு கழுவவைத்தார்கள், பெரிய கண்டனம் எழுந்தது. விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. தண்ணீர் கொடுப்பது வேறு, ஒருத்தி உட்கார்ந்திருக்க இன்னொருத்தி குனிந்து கழுவுவதைக் கேமராவுக்குக் காட்டுவது வேறு. பெண்ணைப் பெருமைப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, எந்தப் பெண்ணை எந்தப் பெண்ணின் காலடியில் உட்காரவைத்தார்கள் என்று பாருங்கள்.

இனி உங்கள் மகள். மண்டபத்தில் நடத்துகிறவர்கள் யார், போன வருஷம் நடத்தினார்களா, அதில் கலந்துகொண்ட பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேச முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பெயர் கொடுக்கப் பணம், அப்புறம் க்ரூமிங்குக்குப் பணம், மேக்கப்புக்கு அவர்கள் சொல்கிற ஆளிடம்தான் போகணும், போட்டோவுக்கு அவர்கள் சொல்கிற ஸ்டுடியோதான் என்று படிப்படியாகக் கறந்தால், அது அழகுப் போட்டி இல்லை, உங்கள் பிள்ளைதான் அங்கே வாடிக்கையாளர். கையெழுத்துப் போடச் சொல்கிற தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள், முக்கியமாகப் போட்டோவும் வீடியோவும் யாருக்குச் சொந்தம், எங்கெங்கே போடுவார்கள் என்கிற பகுதியை. வனெஸ்ஸா வில்லியம்ஸ் என்று ஒரு பெண், 1983-ல் முதல் கறுப்பின மிஸ் அமெரிக்கா ஆனவர். முன்னால் எப்போதோ எடுத்த படங்களை அவர் சம்மதமில்லாமல் ஒரு பத்திரிகை வெளியிட்டதால் அடுத்த வருஷமே கிரீடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த அமைப்பு மேடையில் வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2015-ல். படம் அன்றைக்கே போய்விட்டது, மன்னிப்பு வர 31 வருஷம். ஹைதராபாத் போட்டியில் இருந்து பாதியில் விலகிப் போன இங்கிலாந்துப் பெண்ணும் ஸ்பான்சர்களோடு உட்காரவைத்ததைத்தான் குற்றமாகச் சொன்னார், நடத்தினவர்கள் மறுத்தார்கள். அதனால் ஒத்திகையோ, விருந்தோ, ஸ்பான்சர் சந்திப்போ, தனியாகப் போகிற வேலையே வேண்டாம், நீங்களோ அந்தச் சித்தியோ கூட இருங்கள். சித்தியை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன், எதிர்க்கிறவர் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும்.

திருச்சியில் இருந்து போய் 2018-ல் மிஸ் இந்தியா ஆன அனுகீர்த்தி வாஸை அம்மா தனியாகத்தான் வளர்த்தார். கூட நிற்க ஒரு ஆள் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரமும் போவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன், உங்கள் மகள் மிஸ் இந்தியா ஆவாள் என்று ஆசை காட்ட இல்லை. நம் ஊர் மண்டபப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கிரீடமும் ஒரு பட்டையும் ஒரு கிஃப்ட் கூப்பனும்தான், அதை அவளுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அவளிடம் உட்கார்ந்து, ஏன் போகணும் என்று தோன்றியது என்று கேளுங்கள், குற்றம் விசாரிக்கிற மாதிரி இல்லாமல். மேடையில் நின்று பேசணும் என்று ஆசையாக இருக்கலாம், தோழிகள் சொல்லியிருக்கலாம், அல்லது யாரோ ஒருவர் அவள் முகத்தைப் பற்றி என்றைக்கோ ஏதோ சொல்லி, அது உள்ளேயே கிடந்து, நான் யார் என்று காட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கலாம். கடைசிக் காரணமாக இருந்தால், போட்டிக்கு முன்னாலேயே நீங்கள் பேச வேண்டிய பேச்சு நிறைய இருக்கிறது, ஏனென்றால் தோற்றுவிட்டால் அந்த வார்த்தைக்கு ஒரு சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிடும் அவளுக்கு. மேக்கப் போடுகிறவரிடம் அவள் நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன் இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள், புறங்கையில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கிற ஒரே வெளிர் டப்பாவை எல்லாருக்கும் பூசுகிற ஆள் என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம், அல்லது முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டே அவள் நடக்கட்டும்.

நடத்துகிறவர்களிடம் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க மறந்துவிடாதீர்கள், என்னென்ன கட்டம் இருக்கிறது என்று. காட்ட மாட்டோம் என்று சொன்னால் பெயரைத் திரும்ப வாங்கிவிடுங்கள். காட்டினால், அதில் நிறம் என்றோ அதே அர்த்தத்தில் வேறு ஏதாவது பெயரிலோ ஒரு கட்டம் இருந்தால், உங்கள் மகளையே அந்தத் தாளைப் படிக்கவிடுங்கள். அதன் பிறகும் போகணுமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.